‘வா’ என்றால் வராத செம்பியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

செம்பிக்கு அப்போது 6 மாதம். கலப்பின நாய், செங்கல் நிறம், 14 கிலோ எடை. வீட்டுக்குள் அவளைப் போல ஒரு சமர்த்தைப் பார்க்க முடியாது. ‘உட்கார்’ என்றால் உட்காருவாள். ‘படு’ என்றால் படுப்பாள். ‘இரு’ என்று சொல்லிவிட்டு நான் அடுத்த அறைக்குப் போய் வந்தாலும் அதே இடத்தில் இருப்பாள். அந்த நம்பிக்கையில் ஒரு நாள் காலை, நான்கு பக்கமும் வேலி போட்ட மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

மறுகோடியில் இரண்டு பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். செம்பி அம்பு மாதிரி அவர்களை நோக்கிப் போனாள். ‘வா’ என்றேன். ‘வா, செம்பி, வா’ என்றேன். அப்புறம் கத்தினேன். அவள் காதுகூடத் திரும்பவில்லை. நடந்தும் ஓடியும் 20 நிமிடம் அலைந்து, அவளாகக் களைத்து மண்ணில் படுத்தபோதுதான் பிடிக்க முடிந்தது. பிடித்த கையோடு அதட்டினேன், கயிற்றை மாட்டினேன், நேராக வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

வழியெல்லாம் கோபம். ‘எல்லாம் தெரியும், வேண்டுமென்றே செய்கிறாள்’ என்றுதான் அன்று நினைத்தேன். அடுத்த ஐந்தரை மாதம் நான் எழுதிவைத்த குறிப்புகள் அந்த நினைப்பைப் பக்கம் பக்கமாகக் கழற்றிப் போட்டன. இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்தது.

முதல் வாரம்: நோட்டு

ஒரு சாதாரண நோட்டில் கோடு போட்டேன். தேதி, இடம், என்ன சொன்னேன், சுற்றி என்ன நடந்தது, அது எவ்வளவு தூரத்தில் இருந்தது, 10க்கு எத்தனை. ஒரு தடவைக்குப் பத்து முயற்சி, அதிகபட்சம் 5 நிமிடம். பத்தில் எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கடினமாக்குவது. ஆறு, ஏழு என்றால் அதே இடத்தில் நிற்பது. ஐந்து அல்லது அதற்குக் கீழே போனால் எளிதாக்குவது. இந்தக் கணக்கை முன்கூட்டியே எழுதிவைத்ததற்குக் காரணம் உண்டு. மைதானத்தில் நிற்கும்போது ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று ஆசை வரும். அந்த நேரத்தில் முடிவெடுப்பது என் பொறுமையாக இருக்கக் கூடாது.

முதல் வாரக் கணக்கைப் பார்த்து உண்மையிலேயே அதிர்ந்துபோனேன். முன்னறையில் ‘உட்கார்’ 10க்கு 10. அதே முன்னறையில், நான் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் 6. வாசல்படியில் 7. கேட் பக்கத்தில் 3. கேட்டுக்கு வெளியே 1.

நாற்காலிக் கணக்குதான் என் கண்ணைத் திறந்தது. அங்கே பந்து கிடையாது, பையன்கள் கிடையாது, வேறு நாய் கிடையாது. நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படியானால் அவள் கற்றுவைத்திருந்தது ‘உட்கார்’ என்ற சொல்லை மட்டும் அல்ல. முன்னறையில், நான் நின்றபடி, வலது கையைத் தீனி வைத்த இடுப்புப் பையின் பக்கம் வைத்துக்கொண்டு, அவளுக்கு நேராகப் பார்த்துச் சொல்லும் அந்த மொத்தக் காட்சியையும் சேர்த்துத்தான் அவள் ‘உட்கார்’ என்று புரிந்துவைத்திருந்தாள். நாய்கள் ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குத் தானாக எடுத்துச் செல்வது குறைவு. இடம் மாறினால் பாடமும் ஏறக்குறைய புதுப் பாடம். மைதானத்தில் அவள் என்னை மதிக்காமல் போகவில்லை. நான் நடத்தாத பாடத்தில் அவளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

கெட்டுப்போன இரண்டு சொற்கள்

இரண்டாம் வாரம் ஒரு நாள், எங்கள் வீட்டில் ‘வா’ எத்தனை தடவை காதில் விழுகிறது என்று எண்ணத் தொடங்கினேன். சாப்பிட வா. குளிச்சிட்டு வா. கதவைச் சாத்திட்டு வா. போனில் ‘நாளைக்கு வா, பேசிக்கலாம்’. நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். செம்பியைப் பொறுத்தவரை அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஒரு வீட்டுச் சத்தம். சரி, அவளைப் பார்த்தே சொன்ன ‘வா’க்கள் எதற்காக? குளிப்பாட்ட, நகம் வெட்ட, விளையாட்டை முடித்துக் கயிறு மாட்ட. போதாக்குறைக்கு, மைதானத்தில் பிடிபட்ட அன்று திட்டும் சேர்ந்துகொண்டது. அர்த்தம் இல்லாமல் தேய்ந்த சொல் ஒரு பக்கம், கசப்பு ஏறிய சொல் இன்னொரு பக்கம். இதைக் கழுவித் துடைப்பதைவிடப் புதுச் சொல் வாங்குவது சுலபம் என்று முடிவெடுத்தேன்.

புதுச் சொல் ‘ஓடியா’. நீட்டிக் கூப்பிட்டால் தூரம் போகும், வீட்டில் வேறு யாரும் வேறு எதற்கும் சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் அதைக் கட்டளையாகவே பயன்படுத்தவில்லை. அவள் பக்கத்தில் சும்மா இருக்கும்போது ‘ஓடியா!’ என்று சொல்லி, வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஐந்தாறு துண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தேன். ஒரே கவளமாகக் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துபோகும். ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் அவளுக்கு அது ஒரு நிகழ்ச்சி. வீட்டுக்குள் மற்றப் பயிற்சிக்கெல்லாம் அவளுடைய சாதாரண உலர் உணவையே கொடுத்தேன். கோழி இந்த ஒரு சொல்லுக்கு மட்டும். அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சட்டம்: ஒரு தடவைதான் சொல்ல வேண்டும், வருவாள் என்று நூற்றுக்கு எண்பதாவது நம்பிக்கை இல்லாதபோது சொல்லவே கூடாது, குளியலுக்கும் நகத்துக்கும் சொல்லக் கூடாது. அதற்கெல்லாம் நாமே நடந்து போய் அவளை அழைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சொல் ‘சரி’. ‘இரு’ என்று நிறுத்திவைத்த பிறகு, ‘இனி எழுந்திருக்கலாம்’ என்பதற்கு நான் ‘சரி’ சொல்லிப் பழக்கியிருந்தேன். மூன்றாம் வாரம் ‘இரு’ காரணமே தெரியாமல் சரிந்தது. ஒரு நாள் 9, மறுநாள் 4. அம்மா ஒரு மாலை போனில் பேசிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கவனித்தேன். அம்மா ‘சரிம்மா, சரி, வச்சிடறேன்’ என்றதும் செம்பி டக்கென்று எழுந்து, என் முகத்தைப் பார்த்து வாலாட்டினாள். சொன்னதைச் சரியாகக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறாள்! அவள் எழுந்த ஒவ்வொரு முறையும் ‘ம்ஹூம்’ என்று நான் முகம் சுளித்ததை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

வீட்டில் யாரும் பேச்சில் சொல்லாத ஒரு விடுதலைச் சொல் வேண்டும். மகள்தான் கண்டுபிடித்தாள்: ‘ஜூட்’. ரெடி, ஜூட் என்று குழந்தைகள் ஓட்டத்தைத் தொடங்குகிற அதே சொல். நான்கே நாளில் செம்பிக்குப் பிடிபட்டுவிட்டது. ‘இரு’ மறுபடி 9க்கு ஏறி அங்கேயே நின்றது. புதிதாக நாய் வாங்குபவர்கள் யாராவது என்னைக் கேட்டால், முதலில் இந்த இரண்டு சொல்லையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தூரம்தான் குமிழ்

வெளியே போவதற்கு முன் அவளுடைய கவனத்தை இழுப்பவற்றை வரிசைப்படுத்தினேன். கீழே இருந்து மேலே: தெருவில் போகும் மிதிவண்டி, நடந்து போகும் ஆள், ஓடும் குழந்தைகள், உருளும் பந்து, வேறு நாய், பூனை, அணில். இது செம்பியின் வரிசை. உங்கள் நாய்க்கு மிதிவண்டி உச்சியில் இருக்கலாம், அணில் அடியில் இருக்கலாம். நான் பட்டியலில் போட மறந்த ஒன்று மோப்பம். நம் மூக்கில் மோப்ப உணர்விகள் சில பத்து லட்சம்தான். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 10 கோடிக்கு மேல். ‘ஒன்றுமே இல்லாத இடம்’ என்று நான் நினைத்துத் தேர்ந்தெடுத்த ஒரு மூலையில் 2தான் வந்தது. முந்தைய இரவு அங்கே எத்தனை நாய்கள் வந்து போயினவோ, அவளுக்குத்தான் வெளிச்சம். அதன்பிறகு எந்தப் புது இடத்துக்குப் போனாலும் முதல் 10 நிமிடம் மோந்து முடிக்க விட்டுவிட்டுத்தான் பையைத் திறந்தேன்.

பயிற்சியாளர்கள் மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்வார்கள்: நமக்கும் நாய்க்கும் இடையிலான தூரம், நேரம், கவனச்சிதறல். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். கேட்க எளிது. என் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் நான்காம் வாரம் வரை ஒரே நாளில் மூன்றையும் கூட்டிய வரிகள்தான் அதிகம். ‘இரு’ என்று சொல்லி 10 அடி தள்ளிப் போவது, 30 நொடி நிற்பது, அதே நேரம் எதிரே ஒரு நாய் வருவது. அந்த வரிகளில் எல்லாம் 1, 2, 0.

ஐந்தாம் வாரத்திலிருந்து, அவளுக்கும் அவள் கவனத்தை இழுப்பதற்கும் இடையிலான தூரத்தை மட்டும் திருகினேன். பந்து விளையாடும் இடத்திலிருந்து 60 மீட்டரில் தொடங்கினோம். அங்கே 9. ஐம்பதில் 8. நாற்பதில் 8. முப்பதில் சட்டென்று 3. அவளுடைய எல்லை முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. அதைத் தாண்டினால் அவள் உடம்பே சொல்லிவிடும். திறந்திருந்த வாய் மூடும். காது இரண்டும் முன்னால் வந்து ஆணி அடித்த மாதிரி நிற்கும். கோழித் துண்டை நீட்டினால் உதட்டால் எடுக்காமல் விரலோடு சேர்த்துப் பல்லால் பறிப்பாள். இன்னும் நெருங்கினால் கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். விரலில் பல் பட்டால் ஐந்து மீட்டர் பின்வாங்கு என்பது என் கணக்கானது. நம்பகமான அளவுகோல் அது. நான் கவனிக்கத் தவறினாலும் விரல் தவறவிடாது.

இந்தக் காலம் முழுக்க 10 மீட்டர் நீளக் கயிறு. அதை ஹார்னஸின் (மார்பைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டையின்) முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையில் மாட்டினால், ஓடும் வேகத்தில் கயிறு தீரும்போது மொத்த அதிர்ச்சியும் கழுத்தில் இறங்கும். கையுறை போடாமல் பிடித்து ஒரு தடவை உள்ளங்கை தீய்ந்தது, அந்தக் காயம் ஆற பத்து நாள் ஆயிற்று. ஓரமாக இன்னொன்று: தானே சுருண்டுகொள்ளும் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருப்பதால், இழுத்தால் முன்னே போகலாம் என்று நாய் கற்றுக்கொள்கிறது.

எதிரியை ஏன் கூலியாக்கக் கூடாது?

ஏழாம் வாரத்தில் 25 மீட்டரில் சிக்கிக்கொண்டோம். ஒன்பது நாள், 5க்கு மேல் ஏறவில்லை. கோழியால் பந்தை வெல்ல முடியவில்லை.

1959-இல் டேவிட் பிரிமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் முன்வைத்த ஒரு விதி இங்கே கைகொடுத்தது. ஒரு உயிர் அதிகம் செய்ய விரும்பும் செயலையே, அது குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம். எளிமையாகச் சொன்னால், செம்பிக்கு வேண்டியது மோப்பமும் ஓட்டமும் என்றால் அவற்றையே கூலியாகக் கொடு. ‘ஓடியா’ என்று கூப்பிட்டு, வந்ததும் ஒரு துண்டு கோழி, உடனே ‘ஜூட், போ!’ என்று அவள் விட்டுவந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். முதல் இரண்டு முறை நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது முறை பாய்ந்து போய், பாதி வழியில் அவளாகவே திரும்பி என்னைப் பார்த்தாள். கூப்பிடாமலே பார்த்தாள்! அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்.

அதுவரை என்னிடம் வருவது என்றால் அவளுக்கு விளையாட்டு முடிந்தது என்று பொருள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திருப்பி அனுப்புவது என்று வைத்துக்கொண்ட பிறகு அந்தப் பொருள் மாறியது. 25 மீட்டர் நான்கு நாளில் 8 ஆனது.

எட்டு மாதம்: எல்லாம் மறந்த மாதிரி

ஒன்பதாம் வாரம் நோட்டைப் பார்த்தால் வேறு நாயின் கணக்கோ என்று தோன்றும். முன்னறையிலேயே ‘உட்கார்’ 6. நான் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். ஆனால் எப்போதாவது வீட்டுக்கு வரும் என் நண்பர் சொன்னால் உடனே உட்காருவாள். நண்பர் ‘உன்னைத்தான் அவளுக்குப் பிடிக்கல’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வைப் படித்தேன். 2020-இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ ஆய்விதழில் வந்தது. பார்வையற்றோருக்கு வழிகாட்ட வளர்க்கப்படும் நாய்களிடம் ‘உட்கார்’ கட்டளையை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் சோதித்தார்கள். எட்டு மாதத்தில், தன்னை வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்தது. அறிமுகமில்லாதவர் சொன்னால் அந்தச் சரிவு இல்லை. பருவம் எட்டும் வயதில் வரும் இந்த முறுக்கு தற்காலிகமானது என்பதும் அதில் இருந்தது. என் நண்பர் கதையை வரிக்கு வரி எழுதிய மாதிரி இருந்தது எனக்கு.

தெரிந்துகொண்டதால் செம்பி மாறவில்லை, நான் செய்தது மாறியது. எல்லாப் பயிற்சியையும் மூன்று படி கீழே இறக்கினேன். நீளக் கயிற்றைக் கழற்றும் எண்ணத்தை ஒத்திப்போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை என்பதை ஒரு தடவையாக்கி, வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு விட்டேன். ஓய்வு விட்டால் மறந்துவிடுவாளோ என்ற பயம் இருந்தது. பீகிள் நாய்களை வைத்து டென்மார்க்கில் செய்த ஒரு பழைய ஆய்வு அந்தப் பயத்தைப் போக்கியது: வாரம் ஒரு முறை மட்டும் பயிற்சி பெற்ற நாய்கள், வாரம் ஐந்து முறை பெற்றவற்றைவிடக் குறைந்த வகுப்புகளில் அதே பாடத்தைக் கற்றன. நாட்கள் கூடுதலாகப் பிடித்தன, வகுப்புகள் குறைந்தன. பதின்மூன்றாம் வாரம் முன்னறை மறுபடி 9 ஆனது.

இடையில் சின்னச் சின்னச் சரிவுகளும் இருந்தன. ஓர் இரவு முழுக்க இடி, மறுநாள் எல்லாமே 3. அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு, சும்மா நடக்கக் கூட்டிப்போனேன். இரண்டே நாளில் சரியாயிற்று.

பதினைந்தாம் வாரம்: கை எட்டாத தூரம்

இதைத்தான் எல்லோருக்கும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘ஓடியா’ நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் செம்பி புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினாள். கூப்பிட்டதும் பறந்து வருவாள், ஆனால் கடைசியில், என் கை எட்டும் தூரத்துக்கு அரை அடி முன்னால் நின்றுவிடுவாள். பட்டையைப் பிடிக்கக் குனிந்தால் தலையைச் சாய்த்து நழுவுவாள். நோட்டில் ‘பிடிகொடுக்க மறுக்கிறாள், மறுபடி முறுக்கு?’ என்று எழுதியிருக்கிறேன். பயிற்சியைக் கூட்டினேன். கோழியைக் கூட்டினேன். இன்னும் மோசமானது.

ஆறாம் நாள் மகள் சொன்னாள்: ‘அப்பா, நீங்க வலது கையை நீட்டினாத்தான் நழுவுறா. நான் உங்க இடது பக்கம் உட்கார்ந்து தடவினா பேசாம இருக்கா.’

வலது கையை நீட்டினால் அது அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் போகும். காதைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளே சிவந்து, பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி படிந்திருந்தது. ஒரு புளித்த வாடை. ஒரு வாரமாகத் தலையை அடிக்கடி உதறிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, காதுக் குழாயில் தொற்று என்று சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு வாரத்தில் காது சுத்தமானது.

வலிக்கிற காதை நோக்கி வரும் கையைப் பார்த்து ஒதுங்கியிருக்கிறாள். அவ்வளவுதான். இத்தனைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அரை அடி வரை ஓடி வந்திருக்கிறாள். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நாய் திடீரென்று ஒரு விஷயத்தில் மட்டும் மறுத்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் உடம்பைப் பாருங்கள். காது, பல், பாதத்தின் அடி, இடுப்பு. உட்காரச் சொன்னால் மறுக்கும் நாய்க்கு இடுப்பில் வலி இருக்கலாம். நான் ஆறு நாள் தாமதித்தேன்.

காது ஆறிய பிறகும் ஒதுங்குவது உடனே போகவில்லை, கையைப் பற்றிய பயம் தங்கியிருந்தது. அதற்குத் தனியாக ஒரு பயிற்சி வைத்தேன். கையைப் பட்டையை நோக்கி ஒரு சாண் நீட்டுவது, ‘சபாஷ்’, ஒரு துண்டு. அப்புறம் விரல் நுனியால் பட்டையைத் தொடுவது, ‘சபாஷ்’, ஒரு துண்டு. அப்புறம் ஒரு விரலை உள்ளே நுழைப்பது. அப்புறம் பிடித்து ஒரு நொடி. வரிசை முக்கியம்: கை முதலில், துண்டு பிறகு. துண்டைக் காட்டிவிட்டுக் கையை நீட்டினால் துண்டே அபாய மணியாகிவிடும். எட்டு நாள் ஆயிற்று. இப்போது கையை நீட்டினால் அவளாகவே கழுத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைக்கிறாள்.

இருபத்து மூன்றாம் வாரம்

பந்து 5 மீட்டரில் 9. வேறு நாய் 15 மீட்டரில் 8. நீளக் கயிறு இன்னும் இருக்கிறது, ஆனால் என் கையில் இல்லை, தரையில் இழுபட்டுக்கொண்டு போகிறது. எல்லாச் சூழலிலும் கயிறே இல்லாமல் அவளை விடுவேனா என்று கேட்டால், வேலி இல்லாத இடத்தில் விட மாட்டேன். வண்டி ஓடும் சாலை பக்கத்தில் இருக்கும்போது 10க்கு 9 என்பது போதாத கணக்கு.

போன ஞாயிறு, வேலி போட்ட அதே மைதானம். ஒரு அணில் மரத்திலிருந்து இறங்கி எங்களுக்கு முன்னால் ஓடியது. ஆறு மீட்டர்கூட இருக்காது. பட்டியலின் உச்சி, நான் இன்னும் தொடவே தொடாத படி. செம்பியின் வாய் மூடியது, காது முன்னால் வந்தது, வால் விறைத்தது. கூப்பிடக் கூடாது என்று என் சட்டமே சொல்கிறது. நானும் கூப்பிடவில்லை, கயிற்றின் நுனியை மட்டும் காலால் மிதித்துக்கொண்டேன். ஒரு நொடி. இரண்டு. மூன்றாவது நொடியில் அவள் மூச்சை ‘ஃபூ’ என்று விட்டாள், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

பையில் இருந்த மொத்தக் கோழியையும் அவள் முன்னால் கொட்டினேன். அவள் தின்று முடித்ததும் ‘ஜூட்’ சொல்லி, கயிற்றோடு மரத்தடிக்குக் கூடவே ஓடி, அணில் போன வழியை ஆசை தீர மோந்து பார்க்கவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: ‘அணில், 6 மீட்டர், கூப்பிடவில்லை, அவளே திரும்பினாள்.’ 10க்கு எத்தனை என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த வரியில் நாளைக்கான பாடம்: ‘பூனை, 40 மீட்டர்.’